கருப்பம்மாள் வாசலில் நின்ற ஜீப்

அச்சங்குளம்,
12.9.1961

அன்பு மாப்பிள்ளை சங்கரலிங்கத்துக்கு, கடைக்காரக் காதர் பாட்சா ஸலாம் சொல்லி எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகம். இதை வக்கீல் குமாஸ்தா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பட்டாசுக் கம்பெனி வெடிமருந்தைத் திருடி வீட்டில் பதுக்கியதாக நீ கையெழுத்துப் போட்டால், கருப்பம்மாளை வழக்கில் சேர்க்க மாட்டோம் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஜெயிலுக்கே வந்து சொன்னாராம். பெண்டாட்டிக்காக நீ போட்டுவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இங்கே நடந்ததைத் தெரிந்துகொள்.

சங்கம் வைத்ததற்காக உன்னைப் பிடித்துப் போன மறுநாள் காலையில் ஜீப் வந்தது. சோதனைக்குச் சாட்சியென்று வெளியூர் ஆட்கள் இருவரை அவர்களே ஏற்றி வந்திருந்தார்கள். சாட்சி இந்தத் தெருக்காரர்களாக இருக்க வேண்டும் என்று தங்கச்சி கருப்பம்மாள் வாசலை மறித்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டாள். இன்னொருவராக யாரைக் கூப்பிட்டாள் தெரியுமா? வரப்புத் தகராறில் உன்னோடு பேசாமலிருக்கும் ஆண்டிச்சாமியை! வேண்டியவன் சாட்சி சொன்னான் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாதாம்.

பிறகும் வழிவிடவில்லை. "கம்பெனி வாசல்ல தீப்பெட்டி இல்லைன்னு மொதலாளி மகனே மடியை உதறிக் காட்டிட்டுத்தான் உள்ள போவாக. நீங்களும் பையைக் காட்டிட்டு வாங்கய்யா" என்றாள்.

"நாங்க என்ன தீப்பெட்டியா கொண்டாந்திருக்கோம்?" என்று சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"தீப்பெட்டின்னா அடுப்புக்காவது ஆகும்ங்கய்யா."

தெருவே சிரித்தது. சட்டைப் பை புடைத்திருந்த ஒரு ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. ஜீப்புக்குப் போய்த் திரும்பி வந்தார். வரும்போது பை தட்டையாக இருந்தது. உள்ளே என்ன இருந்ததென்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

பைகளைக் காட்டிவிட்டு உள்ளே போய், அடுக்குப்பானை வரை கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அப்படியே எழுதி, எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நகல் தராமல் கிளம்பப் பார்த்தார்கள்; அதையும் தங்கச்சி கேட்டு வாங்கிவிட்டாள். இப்போது அது விருதுநகர் வக்கீலிடம் இருக்கிறது. கம்பெனி வாசல் வழக்கமென்று அவள் கேட்டது சோதனை முறைக்கும் பொருந்தும் என்று அவர் சொன்னார்.

வக்கீல் உனக்குச் சொல்லச் சொன்னது இது: போலீஸிடம் சொல்லும் எதிலும் நீ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உன்னையே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் வேண்டாம். வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று கேள், மறுக்க முடியாது.

ஆண்டிச்சாமியும் ஒன்று சொன்னார்: "வரப்புச் சண்டை இன்னும் பாக்கியிருக்கு. சட்டுனு வரச் சொல்லுங்க, பாய்."

தங்கச்சியிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பானைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே, "வீட்டை உதறிக் காட்டிட்டேன்னு எழுதுங்கண்ணே. எனக்காக அவுக குனிய வேண்டாம்" என்றாள்.

நான் வணங்கும் அல்லாவும், அவள் நேர்ந்துகொண்ட இருக்கன்குடி ஆத்தாளும் உன் வலது கையைக் காப்பாற்றட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
காதர் பாட்சா