மூடி இல்லாத ரிதம் பாக்ஸ்

அண்ணே,

செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் வந்தது. அட்டையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. தாளம் போடுகிற உங்கள் ரிதம் பாக்ஸுக்கு இந்த வாசனை கிடையாது. அது சிங்கப்பூரிலிருந்து உங்கள் மச்சான் பெட்டியில், சோப்புக் கட்டிகளுக்கும் தலைவலித் தைலப் புட்டிகளுக்கும் நடுவில் படுத்து வந்தது. வழியில் ஒரு புட்டி உடைந்து உள்ளே இறங்கிவிட்டது. எத்தனை வருஷம் ஆனாலும் சூடு ஏறினால் தைல வாசனைதான். நம் ஆர்கெஸ்ட்ராவின் பாட்டுக்காரி சாந்தாவுக்குத் தலைவலி வந்தால் மாத்திரை போடமாட்டாள். உங்கள் பெட்டிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

பார்சல் அனுப்பியது என் மகள் செல்வி. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கே போன் பண்ணினாள்.

“பிரிச்சீங்களாப்பா? என்னன்னு தெரியுதா?”

தெரியாமல் என்ன? கீழ்வரிசையில் அடிக்கு ஒன்றாகப் பதினாறு பட்டன். நாலு சிவப்பு, நாலு ஆரஞ்சு, நாலு மஞ்சள், நாலு வெள்ளை. மேலே வரிசையாகத் திருகுகள். உங்கள் பெட்டியேதான் எங்கேயோ அகப்பட்டு, துடைத்துச் சுத்தமாகி என்னிடம் வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

“அசல் இப்ப நம்மளால வாங்க முடியாதுப்பா, அந்தக் காசுக்குக் கார் வாங்கலாம். இது அதைப் பாத்து இப்ப புதுசா செய்யறது. என் போன் விலைகூட இல்ல. நகல்தான். சத்தம் ஒத்து வருதான்னு நீங்கதான் சொல்லணும்.”

“ஸ்ரீரங்கத்துல உள்ள படுத்திருக்கறவர் ஒருத்தர், வீதிக்கு வர்றவர் ஒருத்தர். வீதிக்கு வர்றவரை நகல்னா சொல்றோம்?”

“பேச்சை மாத்தாதீங்கப்பா. ஆன் பண்ணிப் பாத்தீங்களா இல்லையா?”

பண்ணினேன். ‘தும்’ என்று அடிவயிற்றில் விழுகிற அந்த அடி அப்படியே இருந்தது. மாட்டு மணிச் சத்தம் என்று ஒன்று உண்டே, அதுவும் இருந்தது. “உங்க மண்ணச்சநல்லூர்ல எந்த மாடுய்யா இப்படி மணி கட்டிக்கிட்டுத் திரியுது?” என்று கேட்பீர்களே, அதே மணி. ஒன்றே ஒன்றுதான் குறை. உங்கள் பெட்டி சும்மா இருக்கும்போதும் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். இது வாயை மூடிக்கொண்டு இருக்கிறது.

முனகல் என்றதும் ரைஸ்மில் ஞாபகம் வருகிறது. அப்போது எனக்குப் பகலில் மில்லில் மூட்டை தூக்குகிற வேலை, கச்சேரி இருந்தால் டோலக். ஒருநாள் என்னைத் தேடி மில்லுக்கு வந்தீர்கள். மேலப்புதூரிலிருந்து பஸ் மாறி வந்த மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டீர்கள். பெல்ட்டின் தையல் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதை விரலால் தொடையில் தட்டிப் பார்த்தீர்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “யாருய்யா அது, நெல்லு பாக்க வந்த ஆளா?” என்று கேட்டார். “ஆர்கெஸ்ட்ரா ஓனருங்க” என்றேன். “அப்ப தள்ளி நிக்கச் சொல்லு, வேட்டி மாட்டிக்கும்” என்றார். அடுத்த கச்சேரியில் அந்த ‘டக்’ உங்கள் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. தவிடு மட்டும்தான் பறக்கவில்லை.

அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த தாளங்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. சாந்தா இழுத்துப் பாடுகிற பாட்டுக்கு ஒன்று, ஓடிப் பாடுகிற பாட்டுக்கு ஒன்று. எதையும் காகிதத்தில் எழுதி வைக்கமாட்டீர்கள். “பெட்டிக்கு ஞாபகம் இருக்கும்யா” என்பீர்கள்.

பெட்டி வந்த பிறகு என் நிலைமை வேறு மாதிரி ஆனது. அதையும் இப்போது சொல்லிவிடலாம். விழாக்காரர்கள் ஆளைக் குறைக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். “அதான் மிஷின் இருக்கே, டோலக் எதுக்கு?” என்று உங்கள் எதிரிலேயே கேட்டார்கள். நீங்கள் வெற்றிலை மடிப்பீர்கள். நான் டோலக்கைத் தூக்கி வருவேன். பாதி நாள் உறையைப் பிரிக்காமலே திரும்பத் தூக்கிப் போவேன்.

ஆயுத பூஜைக்கு மட்டும் எல்லா வாத்தியமும் என் வீட்டுக்கு வரும். அது நம் குழு வழக்கம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். ஆனாலும் பெட்டியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுப்பீர்கள். “எங்க வீட்ல ஜெபம் பண்ணியாச்சு. நீ பொரிகடலை போட்டுடு. ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கறது நல்லதுதானே.” கூடவே ஒரு கண்டிப்பு. “முன்னாடி பொட்டு வைக்காதய்யா டோலக்கு. சந்தனம் பட்டனுக்குள்ள இறங்கிடும்.”

என் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே இல்லை. டோலக்குதான்.

பெட்டி அப்படி என் வீட்டுக்கு வந்த முதல் வருஷம் செல்வி கைக்குழந்தை. நான் சாயங்காலம் எல்லாவற்றையும் ஈரத்துணி, உலர்ந்த துணி என்று மாற்றி மாற்றித் துடைத்தேன். உங்கள் பெட்டியைத் திருப்பினேன். பின்னால் ஒரு சின்ன மூடி. திறந்தால் பேட்டரிக்கட்டை மூன்று. கரன்ட்டில் ஓடுகிற பெட்டிக்குக் கட்டை எதற்கு என்று நினைத்தேன். முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. கழற்றித் துடைத்து, தாம்பாளத்தில் பொரிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்துக்கு அன்றைக்கு வேலை கொடுக்கக் கூடாது, இதுவும் ஓய்வு எடுக்கட்டும் என்றுதான். முன்னால் பொட்டு வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தீர்களே, அந்த மூடியின் உள்பக்கம் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன். மறுநாள் காலையில் மறுபூஜை முடித்து, கட்டைகளைத் திரும்பப் போட்டு மூடினேன்.

அன்றைக்கு விஜயதசமி. ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடைத் திறப்பு விழா. வாசலில் நாலு பெஞ்சைச் சேர்த்து மேடை. டோல்கேட்டில் பஸ் நின்று நின்று வந்து, நான் சேர்ந்தபோது ரிப்பன் வெட்டியாகிவிட்டது. பெட்டியை இணைத்தீர்கள். முதல் பாட்டின் பட்டனை அழுத்தினீர்கள். ஒன்றும் வரவில்லை. அடுத்தது. அதற்கு அடுத்தது. விளக்கு மட்டும் ஓடியது, சத்தம் இல்லை.

சாந்தா மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ராத்திரி இது உன் வீட்லதானே இருந்துச்சு? நீதான் வேணும்னே எதையோ நோண்டியிருக்க. மிஷின் இல்லேன்னா உன் பொழப்பு ஓடும்னு பாக்கறியா?”

கட்டையைக் கழற்றியதால்தான் போயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது. என் கை பட்டுத்தான் போயிற்று என்று மட்டும் தெரிந்தது. நான்தான் காரணம் என்று ஆகிவிட்டால் அதோடு குழுவில் எனக்கு இடம் இல்லை என்பதும் தெரிந்தது. கீபோர்டு வாசிக்கிற நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை, ஓரம் கட்டப்பட்ட டோலக்காரன் பொறாமையில் அழித்துவிட்டான் என்றுதான் ஊர் பேசும்.

நீங்கள் பெட்டியைத் திருப்பி மடியில் வைத்தீர்கள். மூடியைத் திறந்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். மூடினீர்கள்.

“அவன் தொடலம்மா. பேட்டரி பழசு, நான்தான் மாத்தாம விட்டேன். அந்த ஞாபகமெல்லாம் பேட்டரியிலதான் நிக்கும். எல்லாம் போச்சு.” பிறகு என்னைப் பார்த்து, “என்ன டோலக்கு, வேடிக்கை பாக்கவா வந்த? உறையப் பிரி” என்றீர்கள்.

மத்தியானம் வரை வாசித்தேன். கடைக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். அது இன்னும் இருக்கிறது.

நல்லவேளை, உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே இருந்தும்விட்டேன். திருவானைக்காவல் கச்சேரி முடிந்து நாம் இரண்டு பேரும் தனியாக டீ குடித்தபோது ஒருமுறை சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் சர்க்கரை குறைவு என்று மாஸ்டரிடம் சண்டை போட ஆரம்பித்தீர்கள். விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து பெட்டியில் ஏற்றினீர்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தை வெறுமனே விட்டீர்கள். கேட்டவர்களிடம், “மிஷினுக்கு டோலக் சரியா வராதுங்க. அதுக்கு ஆள் வேணும்” என்று சொல்லிவிட்டீர்கள். அந்த இடங்களில் நான் வாசித்தேன். குழு கலைகிற வரைக்கும் வாசித்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் பெட்டியைக் கொடுத்தீர்கள். பின்மூடியின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. “என்னண்ணே இது?” என்றேன். “பூச்சி உள்ள போயிடும்யா” என்றீர்கள். நானும் நம்பி, டேப்பின் மேலேயே பொட்டு வைத்தேன். எல்லா வருஷமும் அப்படித்தான்.

பிறகு உங்களை மேலப்புதூரிலிருந்து கல்லறைக்கு எடுத்துப் போன அன்று மழை. பெட்டியை அதற்கு முன்பே சென்னைக்காரர் ஒருவர் வாங்கிப் போயிருந்தார். பழைய பெட்டிகளுக்கு இப்போது அப்படி ஆட்கள் இருக்கிறார்களாம்.

நேற்று ஆயுத பூஜை. புதுப் பெட்டியைத் துடைத்து, முன்னால் வைக்கக் கூடாது என்று பழக்கத்தில் திருப்பினேன். குங்குமத்தோடு விரல் மூடியைத் தேடியது. இதற்கு மூடியே இல்லை, அண்ணே. கட்டை கிடையாதாம். கரன்ட் போனாலும் மறக்காதாம். விரல் அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முதல் வருஷம் நான் பொட்டு வைத்தது மூடிக்கு உள்ளே. பாத்திரக்கடை மேடையில் நீங்கள் திறந்து பார்த்தது அதைத்தான்.

வேண்டுமென்று கெடுக்கிறவன் பொட்டு வைக்கமாட்டான் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் என்றைக்காவது சொல்வேன் என்று காத்திருந்தீர்களா, சொல்லக் கூடாது என்று டீக்கடையில் சண்டை போட்டீர்களா, அது எனக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியவும் போவதில்லை. நான்தான் அண்ணே கழற்றினேன். தெரிந்தவரிடமே சொல்கிறேன்.

இன்று காலையில் அந்த மில் பெல்ட் ‘டக்’கைப் புதுப் பெட்டியில் ஏற்றினேன். நாலாவது மஞ்சள் பட்டனை மட்டும் அழுத்தாமல் விட்டேன். அந்த இடம் வரும்போது கை தானாக முழங்காலில் விழுகிறது.

பூஜைக்கு வந்திருந்த செல்வி ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். வழவழவென்று இருந்த அடிப்பக்கத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப், அதன் மேல் பொட்டு.

“இங்க மூடியே இல்லையேப்பா. எதுக்கு டேப் ஒட்டியிருக்கீங்க?”

“பூச்சி உள்ள போயிடும்” என்றேன்.