சுழல்கதவுக்கு அந்தப் பக்கம்

ரீமாஸின் அம்மாவுக்கு,

நேற்றிலிருந்து நீ என் முகத்தைப் பார்க்காமலே சாப்பாடு வைக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ரமல்லாவில் நேர்முகத் தேர்வு முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தேன். அதை விடு.

சோதனைச் சாவடியில் சுழல்கதவு நின்றதற்குப் பழுது காரணமில்லை. மின்பொறியாளன் சொல்கிறேன், சிப்பாய் பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவுதான். சாவடிகளில் நடப்பதைப் பதிவுசெய்யும் கண்காணிப்புக் குழுவின் நீல மேலங்கியோடு நீ வெளியே நின்று, தொலைபேசியில் அவன் அதிகாரியோடு மல்லுக்கட்டினாய்.

கடைசியில் சிப்பாய், "ஒருத்தரைத்தான் விடுவேன். யாருன்னு நீயே சொல்லு" என்றான்.

கம்பிக்குப் பின்னால் நான் சான்றிதழ்களோடு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய்.

"அபூ நயீமை விடு. அவருக்கு இன்னிக்கு டயாலிசிஸ்" என்றாய்.

எனக்கு முன்னால் நின்ற அந்தப் பெரியவர் கதவைத் தாண்டிப் போகும்போது, "டேய் இன்ஜினியர், உன் பொண்டாட்டிக்கே உன்னைத் தெரியலையேடா!" என்றார்.

"தெரியும் மாமா. அதனாலதான் உங்களைச் சொன்னா."

வரிசையே சிரித்தது. அந்தக் கம்பிக்கூண்டுக்குள் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

வேலை இன்னொன்று வரும். மேலங்கியைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறேன். காப்பிக் கறை போகவில்லை. பரவாயில்லை, நாளைக்கும் அதையே போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
வரிசையில் உனக்குத் தெரியாத ஆள்