நிவேதிக வரவில்லை

ஜூலை 8
இன்றும் பிச்சாட்டூர் தாசில்தார் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் பிரேமலதாம்மா தலை நிமிராமலே, "நிவேதிக இன்கா ராலேதம்மா" என்றார்கள். இன்னும் வரவில்லையாம். யாரோ பெரிய டாக்டரம்மா போல. அவங்க வந்தால்தான் என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார் என்று முடிவாகும்.

பாம்புதான். வேர்க்கடலைக் கொல்லையில் கிடந்தார். காலில் கடிவாய் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். நாத்தனார் யசோதாவுக்கு அது போதாதா?

ஜூலை 9
தெருக்குழாயில் எல்லார் எதிரிலும் யசோதா கேட்டாள்: "காலங்காத்தால கத்தி அனுப்பினியே, எங்கண்ணன் மருந்து குடிக்காம இன்னா பண்ணுவான்?"

கத்தினேன்தான். குடித்திருப்பாரோ? — இல்லை. இல்லை.

ஜூலை 15
வரவில்லை.

ஜூலை 19
நிவேதிகம்மாவுக்கு என்ன கஷ்டமோ. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ. கோவித்து என்ன ஆகப்போகிறது? அவர் போட்ட கடலையை வேகவைத்து எடுத்துப் போகலாம்.

ஜூலை 22
அவமானம். பையை மேசையில் வைத்து, "நிவேதிகம்மா வந்தா குடுங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தார். "அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா கேளும்மா!"

பிரேமலதாம்மா அவரை அதட்டிவிட்டு, "நிவேதிகன்னா ஆளு இல்லம்மா, ரிப்போர்ட்டு. ஆபீஸ் தெலுங்குல அப்படித்தான்" என்றார்கள்.

சாமிக்குப் படைப்பதை நிவேதனம் என்கிறோமே, அதுமாதிரி வைத்த பேர் என்று நினைத்தேன். தெலுங்கில் பொம்பளை வந்தாலும் காகிதம் வந்தாலும் 'வச்சிந்தி'தானே, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு காகிதத்தோட பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு இத்தினி நாளா வேண்டிக்கினு இருந்திருக்கேன்.

பஸ்ஸில் சிரிப்பு வந்தது. அவர் இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். இறங்கும்வரை அழுதேன்.

ஆகஸ்ட் 3
பிரேமலதாம்மாவே போன் செய்தார்கள். "நிவேதிக வச்சிந்தி." என்னம்மா போட்டிருக்கு என்றேன். "பாம்பு விஷம்தாம்மா. வேற எதுவும் வயித்துல இல்லன்னு எழுதியிருக்காங்க."

சந்தோஷப்பட்டேன். இதுக்குப் போயா சந்தோஷம்? செத்தவர் செத்தவர்தான்.

ஆகஸ்ட் 5
யசோதா வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். உட்கார்ந்து வெகுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு இன்னாத்துக்கு அண்ணி சண்டை?"

இத்தனை நாளில் யாரும் கேட்காதது. "கொல்லைக்குச் செருப்பு போட்டுக்கினு போன்னு கத்தினேன். கேக்கல" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். சாப்பிட்டுத்தான் போனாள்.