உன் இடத்தில் உட்கார்ந்தேன், ராஜி

என் அன்பு ராஜிக்கு,

இந்த ஞாயிற்றுக்கிழமை நம் பெண்ணோடு மால்வண் கடலுக்குப் போயிருந்தேன். நம்புவாயா? ஜுஹுவில் காலை நனைக்கவே யோசிக்கிறவன், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தேன்.

மீனு இப்போது புது இடம் தேடுகிறாள். எல்லாரும் ஸ்கூபா டைவிங் போகிற பாறைகள் அவளுக்கு அலுத்துவிட்டனவாம். மீனவர்களிடம் போய், வலை மாட்டிக் கிழிகிற இடம் எது என்று கேட்கிறாள். வலை மாட்டினால் கீழே பாறை இருக்கும், பாறை இருந்தால் பவளமும் மீனும் இருக்கும் என்பது அவள் கணக்கு.

“வலையே மாட்டிக்கற இடத்துல நீ மாட்டிண்டா என்னடி பண்ணுவே?” என்றேன்.

“டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே அப்பா, கத்தி வச்சிண்டிருக்கேன்” என்று சிரித்தாள். கத்தி என்றதும் என் கவலை இரண்டானது.

நீ இருந்தவரை இந்தக் கவலையெல்லாம் எனக்குக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவளோடு நீதான் போனாய். செம்பூர் வீட்டுக்குத் திரும்பி வந்து, “ஏன்னா, ஜாலியா பிக்னிக் போன மாதிரி இருந்துது” என்பாய். நானும் பேப்பரைப் புரட்டிக்கொண்டே “ம்” என்பேன்.

மீனுவும் அவளோடு ஜோடியாக இறங்கும் தோழியும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். அதன் பிறகு கடல்மேல் காற்றுக் குமிழிகள் மட்டும்தான். படகுக்காரர் அதைப் பார்த்தே படகை மெல்ல நகர்த்தினார். குமிழி வருகிறவரை குழந்தை மூச்சு விடுகிறாள், எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். கண்ணை இமைக்கக்கூடப் பயமாக இருந்தது.

திடீரென்று காற்று எழுந்தது. கடல் முழுக்க நுரை. அதில் எது நுரை, எது குமிழி? படகுக்காரருக்கும் தெரியவில்லை. யாரும் இறங்காத இடம், கீழே நீரோட்டம் எப்படி என்று யாருக்குத் தெரியும்? “மீனு!” என்று கத்தினேன். தண்ணீருக்குள் கேட்குமா, சொல்லு?

அவர் கண்ணால் கடலைத் தேடியபடியே என்னைப் பிடித்துப் பின் பலகையில் உட்காரவைத்தார். “வஹினி பி இதர்ஹி பைட்தி தீ, சாப். பஹுத் டர்தி தீ” என்றார்.

அவர் வஹினி, அதாவது அண்ணி, என்றது உன்னைத்தான். நீயும் இங்கேதான் உட்காருவாயாம், ரொம்பப் பயப்படுவாயாம். மீனு இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, படகுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, மேலே வருகிறவரை அழுவாயாம். அவள் தலை தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இட்லி டப்பாவைத் திறப்பாயாம்.

ராஜி, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் அவளைப் போகவிட மாட்டேன் என்றா? ஆமாம், விட்டிருக்க மாட்டேன்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஆரஞ்சு நிறத்தில் நீளமான பலூன் ஒன்று நிமிர்ந்தது. மேலே வருகிறோம் என்று கீழிருந்து அனுப்பும் அடையாளமாம். அதன் பக்கத்தில் இரண்டு தலைகள்.

“அப்பா, கீழே ஒரு சுவரே இருக்கு! முழுக்கப் பவளம்! யாருமே பார்த்ததில்லை!” என்று படகில் ஏறியதும் மீனு மூச்சு வாங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “பயந்துட்டியா?”

“சேச்சே. ஜாலியா பிக்னிக் போன மாதிரி இருந்துது” என்றேன்.

அந்தச் சுவரின் மறுமுனையைத் தேடி அடுத்த மாதம் மறுபடியும் போகிறாள். எனக்குப் பயம்தான். ஆனாலும் தடுக்க மாட்டேன். உன் பலகையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். இட்லி டப்பா இனி என் பொறுப்பு. அழுகையும்தான்.

மீனுவின் அப்பா,
உன் ஆத்துக்காரன்