விலாசம் இல்லாத கையெழுத்து

மார்ச் 3, 1932. கோட்டையூர்.

பெற்ற அப்பச்சியிடமே கேட்டுவிட்டேன். இல்லை என்றுவிட்டார்.

கொழும்பு மின்சாரக் கம்பெனியில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துச் சுருள் சுற்றுகிறவன் நான். ஆனால் சம்பளம் என் கைக்கு வராமல் நேரே எங்கள் குடும்பத்தின் கொழும்பு வட்டிக்கடைக்குப் போகிறது. ஏஜெண்டு பெரியணன் அண்ணன் அதைக் கடைப் பேரிலேயே வரவு வைக்கிறார். ஒரு காசு எடுக்கவும் அப்பச்சி உத்தரவு வேண்டும். சொந்தப் பட்டறைக்குச் சுருள் சுற்றும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும் என்றேன்.

"கம்பி சுத்தவா உன்னைப் படிக்க வச்சேன்? ரங்கூன் கடைக்குப் போ. பணம் எங்கிட்டும் ஓடிறாது. நம்ம கடையிலதானே கெடக்கு."

கெடக்கு. அதுதான் என் வழக்கும்.

கல்யாணமான மறுவருஷமே எனக்கும் சிட்டாளுக்கும் இதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுத்தார்கள். உப்பு, புளி, விறகு எல்லாம் தனி. அடுத்த அறையில் ஆத்தா தனியாக உலை வைக்கிறாள். அடுப்பு தனியாக எரியலாம், சம்பளம் மட்டும் தனியாக இருக்கக் கூடாதா? இதையும் கேட்டேன். அப்பச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மார்ச் 4

கொழும்புக்குத் திரும்ப மூட்டை கட்டுகிறேன்.

மார்ச் 21. கொழும்பு.

வெள்ளைக்காரன் பேங்கியில் கணக்குத் திறந்துவிட்டேன். சம்பளத்தை இனி அங்கேயே கட்டச் சொல்லிக் கம்பெனியிலும் சொல்லியாயிற்று. பேங்கி நடத்துகிறவர் மகன் அடுத்தவன் பேங்கியில் வரிசையில் நின்றான். நிற்கட்டும். கால் ஒன்றும் வலிக்கவில்லை.

ஏப்ரல் 6

முட்டாள். நான்தான்.

பெரியணன் அண்ணன் என் பாஸ் புஸ்தகத்தால் விசிறிக்கொண்டே அறைக்கு வந்தார். பேங்கி அதைக் கடைக்கு அனுப்பிவிட்டதாம். ஏன்? கையெழுத்தை ‘சொ. மெ. தேனப்பன்’ என்று போட்டிருக்கிறேன். பாட்டனார் சொக்கு, அப்பச்சி மெய்யநாதன், அதற்குப் பின்னால்தான் நான். சொ. மெ. எங்கள் கடையின் விலாசம், ஊரறிந்த முத்திரைப் பெயர். அந்த இரண்டு எழுத்தைத் தெரியாத பேங்கி கொழும்பில் இல்லை. கடைக் கணக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். எழுதப் படித்த நாளிலிருந்து கை அப்படிப் பழகிவிட்டது. மோட்டாரில் எந்த முனை எதோடு சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பெயர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை!

"திருடப் போறவன் வாசல்ல நின்னு அப்பன் பேரைச் சொல்லுவானா தம்பி?"

"என் பணம் அண்ணே. திருட்டு இல்ல."

"அதை ஊருக்குப் போயிச் சொல்லு. அப்பச்சிக்குத் தந்தி குடுத்தாச்சு."

ஏப்ரல் 7

மறுபடி பேங்கிக்குப் போய்க் கையெழுத்தை மாற்றினேன். தேனப்பன். அவ்வளவுதான். மொட்டையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 10. கோட்டையூர்.

கூப்பிட்டு அனுப்பினார், வந்தேன். என்னோடு பேசுவதில்லை. என்னை வைத்துக்கொண்டே ஆத்தாவிடம் பேசுகிறார்.

"ஊரே நம்மளை நம்பிப் பணம் போடுது. பெத்த பிள்ளை நம்பலைன்னா நாளைக்கு எவன் போடுவான்னு கேளு."

நியாயமான கேள்விதான். ஆனால் நான் நம்பாமல் போகவில்லையே. ஒவ்வொரு தடவையும் கைகட்டி நின்று கேட்க முடியாது, அவ்வளவுதான். சொன்னேன்.

"அவன்கிட்ட நான் பேசலைன்னு சொல்லு" என்றார் ஆத்தாவிடம்.

ரங்கூனுக்குப் போகமாட்டேன். கணக்கையும் மூடமாட்டேன்.

மே 12

பாத்திரம் விளக்கிக்கொண்டே சிட்டாள் கேட்டாள்: "அந்தப் பேங்கில பொம்பளைக கணக்குத் தொறக்கலாமா?"

"தொறக்கலாம். எதுக்கு?"

"கல்யாணத்துக்கு எங்க அப்பச்சி குடுத்த பணம் எம் பேர்ல உங்க கடையிலதானே கெடக்கு."

அதே சொல். இவள் வாயிலிருந்து கேட்க ஒரு மாதிரி இருந்தது. இத்தனை மாதம் கத்தினேனே, இவள் பணம் ஒரு தடவையாவது ஞாபகத்துக்கு வந்ததா?

"என் கணக்குலயே போட்டுடலாம்" என்றேன்.

"உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒண்ணாக்கும்?" பானையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம். அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

மே 13

அவளே அப்பச்சி முன்னால் போய் நின்றாள். நான் கதவோரம்.

"மாமா, என் பணம் வேணும். மருமகளாக் கேக்கலை. உங்க கடையில பணம் போட்டவளாக் கேக்குறேன்."

மகன் கேட்டால் முறைக்கலாம். பணம் போட்டவர் கேட்டு இல்லை என்றால் அன்றோடு கடை இல்லை. அப்பச்சிக்குத் தெரியாதா? கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, வட்டியும் சேர்த்து, கொழும்புக் கடையில் பணம் கொடுக்கும்படி உண்டியல் சீட்டு எழுதச் சொன்னார்.

"கேக்கத் தெரிஞ்சவ இவதான்" என்றார் ஆத்தாவிடம். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 2. கொழும்பு.

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் கடல் தாண்டியதில்லை. இவள் தாண்டினாள். கப்பலில் வாந்தியெடுத்தது நான்.

பேங்கியில் ‘சிட்டாள்’ என்று நிதானமாக எழுதினாள். முன்னால் எந்த எழுத்தும் இல்லை. என்னுடையதும் இல்லை.

படியிறங்கும்போதே இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்தேன்.

"தாரேன். என்ன வட்டி போடுவீக?"

ஜூன் 5

அவள் கேட்ட வட்டிக்கே பத்திரம் எழுதிக் கொடுத்தேன். தேனப்பன் என்று கையெழுத்துப் போட்டேன்.

"மொட்டையா இருக்கே" என்றாள்.

இருக்கட்டும். இயந்திரம் திங்கட்கிழமை வருகிறது.