கணவர் பெயரைச் சொல்லாத பெண்

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம் விட்டு முகர்ந்தார். காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் உங்களோடுதான் இருந்தேன்.

பழைய ஆவணத் தூசி உங்களுக்கு ஆகாது. அந்தத் தைலத்தை முகர்ந்தபடியே, வெள்ளைக்காரர் காலத்தில் ஏழைகளை மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பிய கோர்ட் உத்தரவுகளை நீங்கள் படித்துச் சொல்வீர்கள், என் பத்திரிகைச் செய்திக்காக நான் குறித்துக்கொள்வேன். வசதியான வீட்டுப் பெண் என்றால் வக்கீல், உறவினர் சாட்சி என்று பக்கங்கள் நீளும். தெருவில் பிடிபட்டவருக்கு ஒரே தாள்.

அப்போதுதான் துறையூர்ப் பெரியவர் தம் மகனுடன் பாலக்கரையில் உங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். அவருடைய அப்பா மலேயா போனவர், திரும்பவில்லை. பிழைப்புத் தேடித் திருச்சி வந்த அம்மாவைப் போலீஸ் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டது. “பைத்தியக்காரி மகன்னே கூப்பிட்டு வளர்த்தாங்கம்மா. நெசமா அவங்க பைத்தியமா? அது மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார்.

தேடிப்பிடித்த உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்: கணவன் பெயர் கேட்டதற்குப் பதில் இல்லை; தலைகுனிந்து சிரிக்கிறாள்; புத்தி பேதலித்தவள்.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். “எங்கம்மா ரேஷன் கடையில அப்பா பேரைக் கேட்டாலே இப்படித்தான் சார் நிப்பாங்க. அவங்களையும் உள்ள போட்டிருப்பாங்க.” பிறகு சிரிப்பு போய்விட்டது. “துரைக்காகக் கேள்வியைத் தமிழ்ல கேட்ட கோர்ட் குமாஸ்தா நம்மூர் ஆளுதானே? அவர் வீட்டுல மட்டும் புருஷன் பேரைச் சொல்லியிருப்பாங்களா?”

பெரியவருக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டினீர்கள். “அப்ப பைத்தியம் இல்லைதானேம்மா?”

“தெரியாதுங்கய்யா. அவங்களை யாரும் ஒழுங்கா விசாரிக்கலைங்கிறது மட்டும்தான் தெரியும்.”

அவர் முகத்தைப் பார்த்த எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனதும், “இல்லைன்னு சொன்னா என்னங்க குறைஞ்சுடும்?” என்றேன். “விசாரிக்காம முடிவு சொன்னவர் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே சார், போதாதா?” என்றீர்கள். செய்தியிலும் ‘விசாரிக்கப்படவில்லை’ என்றே எழுதினேன்.

நீங்கள் காலமான பிறகு பெரியவரும் இறந்துபோனார். தகவல் சொல்ல மகன் போன் செய்தார். “உங்க செய்தியை அடிக்கடி படிக்கச் சொல்வாரு சார். படிச்சு முடிச்சதும், ‘அப்ப அவங்க பைத்தியம் இல்லைதானே’ம்பாரு.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“இல்லப்பா, பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்லிடுவேன்.”

நான் அப்படி எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று தடுத்தது நீங்கள். அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இத்தனை வருடத் தொழிலில், என் செய்தியைத் தவறாகச் சொன்ன ஒருவரை நான் திருத்தாமல் விட்டது அன்று மட்டும்தான். “நல்லதுங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.