குளிர் விடும் வரை

குகட்பள்ளி, ஹைதராபாத்
ஜூலை 2007

அன்புள்ள அப்பாவுக்கு, ஹம்ஸினியின் நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறாதீர்கள்.

நான் நலம். லேபில் வளரும் உயிரணுக்களுக்கு நான்தான் சமையல்காரி. அவற்றின் உணவு பொடியாக வரும். ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் கொடுக்க வேண்டும். போன வாரம் டப்பாவை வெளியே எடுத்த கையோடு திறந்துவிட்டேன். குளிர்ந்த பொடியில் மழைக்கால ஈரம் படிந்து கட்டி தட்டி, முழு டப்பாவும் குப்பைக்குப் போயிற்று. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையே என்று ஒரு நிமிடம் பயந்தேன். எங்கள் லேபின் தலைவி பத்மஜா மேடம் இங்கேயே மௌலா அலியில் வளர்ந்த தமிழ்க்காரர். "கைக்கு என்ன இத்தனை அவசரம்? குளிர் விடற வரைக்கும் திறக்காம பக்கத்துல உட்காரு" என்றார். அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பருப்புப்பொடியைப் பெரிய பாட்டிலில் அனுப்பாதீர்கள். ஒரு ஆள் சாப்பிட்டுத் தீர்ப்பதற்குள் அதுவும் கட்டி தட்டிவிடுகிறது. சின்னப் பொட்டலம் போதும்.

இப்போதெல்லாம் காலையில் டப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மற்ற நேரத்துக்கு வேலை இருக்கிறது, இந்த நேரம்தான் நகர மாட்டேன் என்கிறது. பதினோரு மணி வாக்கில் போனில் கூப்பிடுங்கள். விசேஷம் ஏதும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தொட்டுப் பார்த்தேன், டப்பா குளிர் விட்டுவிட்டது. எழுந்திருக்கிறேன், அப்பா.

ஹம்ஸினி